300 மரத்தில் 5 மரம் மஞ்சளித்திருக்கிறது: கணினி சொல்லும் 180 என்ற எண்ணை நம்பலாமா?

மொரீசியசின் தென்கரையில் உள்ள சூயாக்கிற்கு மேலே மேட்டுநிலத்தில் எலுமிச்சையும் கமலாவுமாக 300 மரம் வைத்திருப்பதாகவும், கடந்த 10 மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாக 5 மரம் மஞ்சள் பாரித்துவிட்டதாகவும், உங்கள் தங்கை மகன் இதைக் கணினியில் போட்டுப் பார்த்து இன்னும் 4 ஆண்டுகளில் 180 மரம் போய்விடும் என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கை நம்பலாமா என்று கேட்டிருந்தாலும், அந்த 5 மரத்தை இப்போதே வெட்டுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு இந்தத் தீவிலேயே ஏறத்தாழ 30 ஆண்டுகள் பயிர்ப் பாதுகாப்பில் வேலை செய்தவன். கணிதம் எனக்குத் தொழில் அன்று. வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குக் கற்றுக்கொண்டேன். உங்கள் மரங்களை நான் பார்க்கவும் இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கணக்குக்குப் போகுமுன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சளித்த மரமெல்லாம் நோயுற்ற மரம் அன்று. துத்தநாகம் அல்லது மாங்கனீசு குறைந்தால் இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒரே மாதிரியாக மஞ்சள் படரும். சில்லிட் என்னும் சிறு பூச்சி ஒரு நுண்ணுயிரியைச் செலுத்திப் பரப்பும் கிரீனிங் நோயில் அப்படிப் படராது. ஒருபுறம் ஒரு திட்டும் மறுபுறம் வேறொரு திட்டுமாக ஒழுங்கற்று நிற்கும். பேனாவால் இலையின் ஒரு பாதியில் ஒரு வட்டமும், அதற்கு நேர் எதிரே மறுபாதியில் இன்னொரு வட்டமும் வரைந்து, இரண்டுக்குள்ளும் நிறம் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். காய் ஒருபக்கம் கோணியிருப்பது, வெட்டினால் விதைகள் கறுத்துச் சுருங்கியிருப்பது, பழுக்கும்போது காம்புப் பக்கம் நிறம் மாறி அடிப்பக்கம் பச்சையாகவே நிற்பது ஆகியவையும் அடையாளங்கள். வேர் அழுகினாலும் மரம் மஞ்சளிக்கும். உறுதிக்கு ஆய்வகத்தில், நுண்ணுயிரியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். இனி எழுதுவதெல்லாம் அந்தச் சோதனை நோயை உறுதிப்படுத்திவிட்டது என்ற அனுமானத்தில்.

பூச்சி பரப்பும் நோயைச் சமன்பாட்டில் எழுதும் வழக்கம் நம் தீவோடு தொடர்புடையது என்பது உங்கள் தங்கை மகனுக்குப் பிடிக்கும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் 1907 இறுதியில் மொரீசியசுக்கு வந்து ஏறக்குறைய 3 மாதம் தங்கினார். 1908இல் அவர் அளித்த மலேரியாத் தடுப்பு அறிக்கையில்தான், கொசுவின் எண்ணிக்கைக்கும் நோயின் பெருக்கத்துக்கும் உள்ள உறவைக் கணக்காக எழுதினார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாகத் தேய்ந்துவிடும் என்பது அதன் சாரம். நோயுற்ற ஒரு மரம் தன் வாழ்நாளில் எத்தனை புது மரங்களுக்குத் தொற்றைக் கொடுக்கும் என்று இன்று கேட்கிறோமே, அது அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான். அந்த எண் 1க்கு மேல் என்றால் நோய் வளரும், கீழே என்றால் வற்றும். இதில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் அளவுகளில்தான்.

உங்கள் தங்கை மகனின் 180ஐப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தேன். 300 மரத்தில் 5இலிருந்து தொடங்கி, நோயில்லாத மரங்கள் குறையக் குறைய வேகமும் தணிகிற வழக்கமான வளர்ச்சிக் கோட்டை அவர் பயன்படுத்தியிருந்தால், தொடக்கத்தில் நோய் ஏறக்குறைய ஏழரை மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்திருக்கிறார் என்று ஆகிறது. அந்த ஏழரை மாதம் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேளுங்கள். அதே கணக்கில் இரட்டிப்புக் காலத்தை 6 மாதம் என்று மாற்றினால் 4 ஆண்டு முடிவில் 244 மரம் நோயுறும்; 12 மாதம் என்று மாற்றினால் 64 மரம்தான். 5 மரத்தையும் 10 மாத அவதானிப்பையும் வைத்துக்கொண்டு, 6 மாதமா 12 மாதமா என்று பிரித்துச் சொல்ல எந்தப் புள்ளியியலாலும் முடியாது. ஆகவே 180 என்பது கணக்குப் பிழை அன்று; 64க்கும் 244க்கும் இடையே எங்கும் விழக்கூடிய ஒன்றை ஒரே எண்ணாகச் சொன்னதுதான் பிழை.

அதைவிடப் பெரிய சிக்கல் தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. 5 என்பது நோயுற்ற மரங்களின் எண்ணிக்கை அன்று, நோயைக் காட்டிய மரங்களின் எண்ணிக்கை. பூச்சி தொற்றைச் செலுத்திய நாளிலிருந்து இலை மஞ்சளிக்கும் நாள் வரை சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டு வரை ஆகலாம். மரத்தின் வயதையும் அளவையும் பொறுத்து இது மாறும். இரட்டிப்புக் காலம் 6 மாதம், தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையிலான தாமதம் 12 மாதம் என்று வையுங்கள்: இன்று கண்ணுக்குத் தெரியும் 5 மரம் சென்ற ஆண்டு இதே நாளில் தொற்றியிருந்தவை, அதன்பின் தொற்று இருமுறை இரட்டித்துவிட்டது, எனவே இன்று தொற்றியவை 20. தாமதம் 18 மாதம் என்றால் 40. இரட்டிப்பும் தாமதமும் 12 மாதமாகவே இருந்தால் 10 தான். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு மேட்டுநிலத் தோட்டத்தில் மஞ்சளித்த மரங்களை மட்டும் எண்ணி, காகிதத்தில் வளைகோடு வரைந்து, மெதுவாகத்தான் போகிறது, அடுத்த பருவம் வரை பொறுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த கோடையில் வரிசை வரிசையாக மஞ்சளித்த மரங்கள் எல்லாம் நான் கையெழுத்திட்ட நாளிலேயே தொற்றியிருந்தவை. தோட்டக்காரர் என்னைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

அறிகுறி தெரியாத மரம் நோயைப் பரப்பாது என்றால் இந்தத் தாமதத்தால் பெரிய கேடில்லை. ஆனால் பரப்பும் என்பதுதான் செய்தி. தாய்ச் சில்லிட் இளந்துளிரில் மட்டுமே முட்டையிடும். தான் தொற்றுடையதாக இருந்தால் முட்டையிடும் துளிரிலேயே சாற்றை உறிஞ்சும்போது நுண்ணுயிரியையும் செலுத்திவிடும். அந்தத் துளிரிலேயே வளரும் இளம்பூச்சிகள் அதை எடுத்துக்கொண்டு, இறகு முளைத்ததும் பறந்துவிடும். அமெரிக்க அறிவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று, தொற்று ஏறிய துளிர் 15 நாளுக்குள்ளேயே அடுத்த தலைமுறைப் பூச்சிகளுக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடியதாகிவிடுகிறது என்று காட்டியது. மரம் முழுதும் நோயுறும்வரை பூச்சி காத்திருப்பதில்லை. ஒரு துளிர் போதும் அதற்கு. முட்டையிலிருந்து முதிர்பூச்சியாகும் காலம் வெப்பத்தைப் பொறுத்து ஏறக்குறைய 2 வாரத்திலிருந்து ஒன்றரை மாதம் வரை ஆகும். ஆக, உங்கள் கண்ணில் மஞ்சள் படுவதற்குள் அந்த மரத்தில் பிறந்த பூச்சிகள் பல தலைமுறை கண்டிருக்கும். மரத்துக்குள் நோய் பரவும் வேகத்தை மட்டும் வைத்து எழுதிய பழைய கணித மாதிரிகளையும், துளிரைத் தனி அலகாக எடுத்துக்கொண்ட பிந்திய மாதிரிகளையும் ஒப்பிட்டால், பிந்தியவையே கள அனுபவத்தோடு பொருந்துகின்றன என்பது என் கருத்து.

இனி, கணினிக் கணக்கு முற்றிலும் விட்டுவிட்டதாக நான் நினைக்கும் ஒன்று. தென்னாப்பிரிக்கத் தாவர நோயியலாளர் வாண்டர்பிளாங்க் 1960களில் நோய்களைக் கடனோடு ஒப்பிட்டு இரண்டாகப் பிரித்தார். சில நோய்கள் வட்டிக்கு வட்டியாக வளரும்: தோட்டத்துக்குள் நோயுற்ற மரமே அடுத்த மரத்துக்கு முதலாகும். சில தனிவட்டியாக வளரும்: தொற்று ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்தே வரும். கிரீனிங் இரண்டுமாக இருக்கக்கூடியது; எந்த அளவுக்கு எது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். உங்களுடையது தனிவட்டி என்றால் கணக்கே வேறு: 10 மாதத்தில் 5 மரம் என்பது 2 மாதத்துக்கு ஒன்று, 12 மாதத் தாமதத்தில் மறைந்திருப்பவை 6 தான், முன்பு சொன்ன 20இல் 5 போக மீதி 15 அன்று; 4 ஆண்டில் இன்னும் 24 மரம் மஞ்சளிக்கும், 180இல் 5 போக மீதி 175 அன்று. இந்த நிலையில் தோட்டத்துக்குள் எத்தனை வெட்டினாலும் வெளியே இருக்கும் ஊற்று நிற்கப்போவதில்லை.

எது என்று அறிய மென்பொருள் வேண்டாம்; ஒரு தாளும் பென்சிலும் போதும். 300 மரத்தையும் வரிசைப்படி புள்ளியிட்டு, மஞ்சளித்த 5ஐ வட்டமிட்டு, ஒவ்வொன்றின் அருகே நீங்கள் முதலில் கவனித்த மாதத்தை எழுதுங்கள். 5ம் வேலியோரத்தில் அல்லது பாதையோரத்தில் இருந்தால் பூச்சி வெளியிலிருந்து வருகிறது. சில்லிட் தோட்ட விளிம்பில் திரள்வது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. 5ம் ஒன்றையொன்று ஒட்டி நடுவில் இருந்தால் உள்ளே பெருகத் தொடங்கிவிட்டது. சிதறிக் கிடந்தால் ஒரே நாற்றங்காலிலிருந்து ஒரே ஆண்டில் வந்த கன்றுகளா என்று பாருங்கள். இந்த இடப்பரவலைக் கணக்காக ஆராய்ந்த தொடக்ககால ஆய்வுகளில் ஒன்றை 1989இல் காட்வால்ட், ஒபேர், சாவோ என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சீனத் தோட்டங்களோடு அதற்குத் தரவு கொடுத்தது நம் பக்கத்துத் தீவான ரியூனியன். வெறும் 5 புள்ளிகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5 எண்ணைவிட 5 இடம் அதிகம் பேசும்.

நம் தீவில் வெளி என்றால் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். உங்களைச் சுற்றிக் கரும்பு இருக்கலாம். கரும்பில் சில்லிட்டுக்கு வேலையில்லை, எனவே அது ஓர் இடைவெளி. ஆனால் கரும்புக்கு அப்பால் ஊர் இருக்கிறது. ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் எலுமிச்சை, பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை. நம் கறிவேப்பிலையை இங்கே கிரியோலில் கறிப்பூலே என்கிறார்கள், ரியூனியனில் கலுப்பிலே என்கிறார்கள். பெயர் எப்படித் திரிந்தாலும், இந்த நோயைப் பரப்பும் இரு சில்லிட் வகைகளில் ஒன்றான ஆசியச் சில்லிட்டுக்கு அது விருப்பமான செடிதான். கறிவேப்பிலையில் அந்த நுண்ணுயிரி நிலைகொள்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அது நோயின் களஞ்சியம் அன்று, பூச்சியின் தொட்டில். வேலிக்கு வைக்கும் முர்ராயாச் செடியும் பூச்சியை நன்றாக வளர்க்கும். வீட்டு எலுமிச்சையோ நோயையும் பூச்சியையும் சேர்த்தே வைத்திருக்கும். அதை யார் வெட்டுவார்கள்? தைப்பூசக் காவடிக்கு எலுமிச்சை வேண்டியிருக்கும் வேளையில், காய்த்து நிற்கிற மரத்தை வெட்டச் சொல்லி எந்தத் தமிழ் வீட்டுப் படியேறுவது? இதற்கெல்லாம் சமன்பாட்டில் ஒரு குறியீடு உண்டு, வெளித்தொற்று வீதம் என்று பெயர். அதற்குள் என்ன எண்ணைப் போடுவது என்பதுதான் யாருக்கும் எளிதில்லை.

உங்கள் தங்கை மகன் ஃபுளோரிடாவிலோ பிரேசிலிலோ அளந்த வீதங்களை எடுத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். வெளியீடுகளில் பெரும்பாலும் கிடைப்பவை அவைதான். ஃபுளோரிடாவில் பூச்சி 1998இலும் நோய் 2005இலும் கண்டறியப்பட்டன. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த மாநிலம் 2022-23இல் 2 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. அதில் சூறாவளிக்கும் பங்கு உண்டு, ஆயினும் நோயே முதற்காரணம். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர். இங்கே அப்படி இல்லை. 1970களில் ரியூனியனில் ஒபேரும் அவர் குழுவினரும் தமரிக்சியா இனத்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்: ஆசியச் சில்லிட்டுக்கு எதிராக இந்தியாவிலிருந்து ஒன்று, ஆப்பிரிக்கச் சில்லிட்டுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவிலிருந்து மற்றொன்று. ஆப்பிரிக்கச் சில்லிட் அந்தத் தீவிலிருந்தே மறைந்ததாகப் பதிவாயிற்று. ஆசியச் சில்லிட் வெகுவாகக் குறைந்தது. பின்னர் நம் தீவிலும் இதே வழி பின்பற்றப்பட்டது. குளவி தாக்குவது இளம்பூச்சியை. தொற்றை நன்றாக எடுத்துக்கொள்ளும் பருவமும் இளம்பூச்சிப் பருவமே. ஆகவே அது பூச்சியின் தொகையைக் குறைப்பதோடு, தொற்றுள்ள பூச்சியாக இறகு முளைப்பதையும் தடுக்கிறது. ஆனால் ரியூனியனில் பிற்காலத்தில் நோய் மீண்டும் தலைதூக்கியதையும் மறைக்கக் கூடாது. குளவி, ராஸ் சொன்ன அந்த எல்லையை நெருங்கச் செய்யும், எல்லைக்குக் கீழே நிரந்தரமாக வைத்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. கண்மூடித்தனமாக மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

தூரத்தைப் பற்றிய அனுமானமும் முடிவைப் புரட்டிப்போடும். சில்லிட் பெரும்பாலும் பக்கத்து மரத்துக்குத்தான் போகும். ஆனால் 12 நாளில் 2 கிலோமீட்டர் கடந்ததாகவும் ஃபுளோரிடாவில் அளந்திருக்கிறார்கள். தூரம் கூடக் கூட வாய்ப்பு விரைவாகச் சுருங்குகிறது என்று வைத்தால் நோய் ஒரு கறை போல மெல்லப் படரும். அரிதாக நெடுந்தூரம் தாவுகிறது என்று வைத்தால் அங்கங்கே புதுக் குவியல்கள் முளைக்கும். சிறு தோட்டத்துத் தரவை வைத்து இந்த இரண்டில் எது என்று பிரித்தறிவது கடினம். புயல் இன்னொரு தொல்லை: இலை உதிர்த்துவிட்டுப் போன புயலுக்குப் பின் எல்லா மரமும் ஒரே நேரத்தில் துளிர்க்கும், அந்தத் துளிரெல்லாம் முட்டையிட ஏற்றது. ஆண்டு முழுவதும் ஒரே வேகம் என்று எழுதிய மாதிரி இதைப் பிடிக்காது. கவாத்து செய்தாலும் இதே கதைதான்.

ஆய்வகச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சளிக்காத 60 மரத்தில் இலை எடுத்துச் சோதித்து எல்லாமே இல்லை என்று வந்தால் நிம்மதியடையத் தோன்றும். 60இல் ஒன்றும் இல்லை என்பதற்கு, தொற்று 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதே பொருள்; 300 மரத்தில் அது 15 மரம். நுண்ணுயிரி மரம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. நீங்கள் பறித்த கிளையில் இல்லாமல் அடுத்த கிளையில் இருக்கலாம். தொற்றிய மரங்களில் பாதியைத்தான் சோதனை பிடிக்கும் என்று வைத்தால் அந்த 15, ஏறக்குறைய 30 ஆகிவிடும்.

வெட்டுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். சோதனையில் உறுதியானால் வெட்டுங்கள். இதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் இந்த நோய்க்கு மரத்தைக் குணமாக்கும் மருந்து இல்லை, மேலே சொன்ன எல்லா அனுமானங்களிலும் அந்த 5 மரம் பூச்சிக்குத் தொற்று ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வெட்டுவதால் என்ன கிடைக்கும் என்பதில் மிகையாக எதிர்பார்க்காதீர்கள். மஞ்சளித்ததை மட்டும் வெட்டினால், மறைந்திருக்கும் காலத்தில் நடக்கும் பரவலை அது தொடாது. பூச்சியைக் குறைக்காமல் வெட்டு மட்டும், ஒரு மரம் எத்தனை புது மரங்களுக்குத் தொற்றைக் கொடுக்கும் என்ற அந்த எண்ணை 1க்குக் கீழே கொண்டுவருவது அரிது. வெட்டுவதற்குச் சில நாள் முன்னதாக அந்த 5 மரத்துக்கு மட்டும் மருந்தடித்துவிடுங்கள்; இல்லையென்றால் கிளை சாயும்போது பூச்சி பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும். மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் வட்டார விரிவாக்க அலுவலரிடம் கேட்பதே முறை. அடிக்கட்டையையும் தோண்டி எடுங்கள். விட்டுவைத்தால் அதிலிருந்து வரும் துளிர் மறுபடியும் பூச்சியை அழைக்கும். காலி இடத்தில் நடும் கன்று வலைக்கூண்டுக்குள் வளர்ந்ததாக இருக்கட்டும். உறவினர் தோட்டத்திலிருந்து அன்பாகக் கொடுக்கும் ஒட்டுக்கன்றும் பதியமும் நோயைப் பூச்சியால் எட்ட முடியாத தூரத்துக்குக் கொண்டுபோகும். அதற்கு எந்தத் தூரக் கணக்கும் பொருந்தாது.

உங்கள் தங்கை மகனை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரட்டிப்புக் காலத்தை 6 முதல் 12 மாதம் வரையும், தாமதத்தை 6 முதல் 24 மாதம் வரையும் மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். வெளித்தொற்றுக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு பட்டையாக வரைந்து தரச் சொல்லுங்கள். நீங்கள் 2 மாதத்துக்கு ஒருமுறை 300 மரத்தையும் சுற்றிவந்து அந்தத் தாளில் குறியுங்கள்; துளிர்க் காலத்தில் மாதம் ஒருமுறை. 6 சுற்று முடிந்ததும், அதாவது ஏறக்குறைய ஓராண்டில், அந்தப் பட்டையின் எந்தப் பகுதி பொய் என்று தாளே காட்டத் தொடங்கும். அதற்கு முன்னதாகவே 5 மரத்தின் இடங்களைக் குறித்த படத்தை இங்கே இட்டால், வேலியோரமா நடுவா என்பதையாவது என்னால் சொல்ல முடியும்.